முடிந்த படத்திலிருந்து பின்னோக்கி: தைல உருவப்படக் கலை நம்மிடம் வந்த வழி

நகலெடுப்பவன் என்ற சொல்லுக்கு நம் இலக்கியச் சூழலில் நல்ல பெயர் கிடையாது. ஒரு கவிஞனைப் பற்றி 'இன்னாருடைய நகல்' என்று சொல்லிவிட்டால் அவன் கதை அத்துடன் முடிந்தது. அதே அளவுகோலை ஓவியத்தின் மீதும் யோசிக்காமல் வைத்துவிடுகிறோம். எளாவூரிலும் கும்மிடிப்பூண்டியிலுமாக இருக்கும் எங்கள் சிறிய வாசக வட்டத்தில் இரண்டு மூன்று பேர் தைல வண்ணம் பழகுகிறார்கள். சிப்காட் ஆலைகளில் ஷிஃப்ட் முடித்து வந்து, ரவி வர்மாவின் உருவப்படம் ஒன்றின் அச்சுப் பிரதியை எதிரே வைத்து, அதை அப்படியே கித்தானில் இறக்க முயல்கிறார்கள். இதில் கலை எங்கே இருக்கிறது, சொந்தமாக ஏதாவது வரையக் கூடாதா என்ற கேள்வி எங்கள் சந்திப்புகளில் மீண்டும் மீண்டும் எழுகிறது. இக்கேள்விக்கு அழகியல் விவாதத்தைவிட வரலாறு தெளிவான பதில் வைத்திருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. தைல உருவப்படம் நம்மிடம் எப்படி வந்தது, அதை நம்மவர்கள் யாரிடம், எப்படிக் கற்றார்கள் என்று பார்த்தால் நகல் என்ற சொல்லின் எடை மாறிவிடும்.

முதலில் தைல வண்ணத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகி வண்ணம் காய்கிறது. தைல வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. அது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு தொட்டுப் பார்க்குமளவுக்குக் காய்வதற்கே நாள் கணக்கில் ஆகலாம். ஆகவே மரபான கல்விக்கூட முறையில் ஓர் உருவப்படம் ஒரே மூச்சில் வரையப்படுவதில்லை, அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. கித்தானில் முதலில் ஒரு மங்கிய பழுப்புத் தளம். அதன்மேல் மண்பழுப்பில் முகத்தின் அமைப்பு. பிறகு நிறமற்ற சாம்பலில் ஒளியும் நிழலும். அது காய்ந்தபின் தசையின் நிறம். கடைசியாக, எண்ணெய் மிகுந்த மெல்லிய கண்ணாடிப் பூச்சுகள். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. மீறினால், அடியில் இருப்பது காயும் முன்பே மேல்தோல் இறுகி, பின்னாளில் படம் வெடிக்கும்.

இதில்தான் சிக்கல் இருக்கிறது. படம் முடிந்ததும் இந்த அடுக்குகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்து அதன் மெழுகுக் கருவை எப்படிக் காண முடியாதோ, அப்படியே ஒரு தைல ஓவியத்தைப் பார்த்து அதன் முதல் நாள் வேலையையும் காண முடியாது. யாராவது காட்ட வேண்டும். காட்டுவதற்கு ஆளில்லாத இடத்தில், முடிந்த படம் ஒன்றே ஆசிரியர்.

ஐரோப்பாவில் காட்டுவதற்கு ஆள் இருந்தார்கள். அங்கு நகலெடுத்தல் பட்டறைக் கல்வியின் பகுதி. ஆசானின் படத்தை ஆசானுக்குப் பக்கத்திலிருந்தே மாணவன் நகலெடுத்தான். 1793இல் பாரிசில் லூவர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோதே, பொதுமக்களுக்கு ஒதுக்கிய நாள்களைவிட ஓவியர்களுக்கும் நகலெடுப்போருக்கும் கூடுதல் நாள்கள் ஒதுக்கப்பட்டன. இதே பழக்கம் தொழிற்சாலையாகவும் மாறியது. ஆலன் ராம்சே 1761-62இல் வரைந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரச உருவப்படத்துக்குத் தூதரகங்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் கேட்பு குவிந்தது. அவருடைய பட்டறை நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளை உருவாக்கியது. அவற்றில் பெரும்பங்கு உழைத்த உதவியாளர் பிலிப் ரெய்னாகிள் ஆசானின் கையையே தன் கையாக்கிக்கொண்டவர். பிற்பாடு அவர் உருவப்படங்களை விட்டு நாய்களையும் வேட்டைக் காட்சிகளையும் வரையப் போய்விட்டார் என்பது யோசிக்கத் தக்கது. ஒரே மன்னரின் ஒரே சட்டை மடிப்பை ஆண்டுக்கணக்கில் வரைந்தவருக்கு நாய் ஒரு விடுதலையாக இருந்திருக்கக் கூடும்.

நம் பக்கம் இக்கலை வந்தது கடல் வழியே, சென்னைத் துறைக்கு. 1769இல் டில்லி கெட்டில் சென்னையில் வந்து இறங்கினார். பிழைப்புக்காக இந்தியா வந்த பிரிட்டிஷ் தொழில்முறை உருவப்பட ஓவியர்களில் குறிப்பிடத்தக்க முதல்வர் அவர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அவருக்கு அமர்ந்தார். 1774இல் ஜார்ஜ் வில்லிசன் வந்தார், அவருக்கும் நவாப் அமர்ந்தார். ராபர்ட் ஹோம், தாமஸ் ஹிக்கி, ஜார்ஜ் சின்னரி என்று அடுத்த 40 ஆண்டுகளில் சென்னைக்கு வந்தவர்களின் வரிசை நீளமானது. அவர்களுடைய பட்டறைகளில் நம்மவர் எவரும் மாணவராக அமர்ந்து பயின்றதாக அறிகிறோமில்லை. படங்கள் அரண்மனைச் சுவர்களில் தொங்கின. பார்க்க வாய்த்தவர்கள் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்று சென்னைக்கு வெளியே கிடைக்கிறது. கெட்டில் சென்னையிலிருந்து கிளம்பி ஃபைசாபாத் சென்று, அவத் நவாப் சுஜா உத் தௌலாவை வரைந்தார். அந்தப் படங்களை அங்கிருந்த முகலாய மரபு ஓவியர்களான மிஹிர் சந்தும் நெவாசி லாலும் நகலெடுத்தார்கள். நெவாசி லாலைக் கொண்டு அவ்வாறு நகலெடுக்கச் செய்தவர்களில் பிரெஞ்சுக்காரரான ஜான்டில் ஒருவர். இவ்வகை நகல்களை உற்று நோக்கினால் நிற்கும் தோரணை வந்திருக்கிறது, உடையின் விழுகை வந்திருக்கிறது, முகத்தின் ஒரு பக்கம் விழும் நிழல்கூட ஓரளவு வந்திருக்கிறது. வண்ணம் மட்டும் அவர்கள் அறிந்த பழைய நீர்வண்ணம்தான். அதாவது, முடிந்த படத்திலிருந்து எதையெல்லாம் கண்ணால் எடுக்க முடியுமோ அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அடியில் மறைந்திருந்த அடுக்குகளை அந்தப் படம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தெற்கே இந்த மறைவை முதலில் கடந்தவர்களில் மதுரைக்காரர்கள் இருந்தார்கள் என்பது தமிழ் வாசகர்கள் அதிகம் பேசாத செய்தி. திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் காலத்தில் அரண்மனை ஓவியராக இருந்த அழகிரி நாயுடுவும், அவருக்குப் பின் அவ்விடத்துக்கு வந்த ராமசாமி நாயக்கரும் மதுரையிலிருந்து சென்றவர்கள். நாயக்கர் தைல வண்ணத்தில் தேர்ந்தவர். 1862இல் கிளிமானூரிலிருந்து 14 வயதுச் சிறுவனாக ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே தைல வண்ணம் தெரிந்தவர் அவர்தான். ரவி வர்மாவின் முதல் ஆசான், அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மா, தஞ்சாவூர் பாணியில் வரைந்தவர். அவருக்குத் தைலம் தெரியாது. நாயக்கரோ சொல்லித்தர மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பை ஒரு தனிமனிதரின் பொறாமை என்று மட்டும் எழுதிச் செல்வது வழக்கமாகிவிட்டது. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. காப்புரிமையோ பட்டயமோ இல்லாத உலகில் தொழில் நுணுக்கம்தான் ஒருவருடைய சொத்து. பொற்கொல்லர் தம் பற்றுவைப்புப் பொடியின் கலவையை அடுத்தவரிடம் சொல்லமாட்டார். அரண்மனை ஆதரவு ஓர் ஓவியருக்குப் போதுமான அளவே இருந்தது, இரண்டாமவருக்கு இடமில்லை. அதிலும் அந்த இரண்டாமவர் அரச உறவுடைய குடும்பத்துப் பிள்ளை. நாயக்கர் கதவைச் சாத்தியது புரிந்துகொள்ளக் கூடியதே. அந்தக் கதவில் ஒரு சாளரமும் இருந்தது. நாயக்கரின் உதவியாளரான ஆறுமுகம் பிள்ளை இரவு நேரங்களில் ரகசியமாக வந்து ரவி வர்மாவுக்குச் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள்.

மன்னர் ஆயில்யம் திருநாள் ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுத் தொகுப்புகளை அவருக்குப் பார்க்கக் கொடுத்தார். 1868இல் டென்மார்க்கில் பிறந்த ஓவியர் தியடோர் ஜென்சன் மன்னரையும் அரசியையும் வரைவதற்காகத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் சொல்லித்தர உடன்படவில்லை. மன்னரின் வற்புறுத்தலால், தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார். இதை அவமதிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தைல வண்ணத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு, அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பது விளங்கும். அதுவரை ரவி வர்மா கண்டவை முடிந்த படங்கள். இப்போது ஒரு முகம் முதல் நாளில் எப்படி இருக்கிறது, எது காயக் காத்திருக்கிறது, எது ஈரத்தின் மேல் ஈரமாகப் போகிறது என்பதை வரிசையாகக் கண்டார். வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமலே ஜென்சன் வேண்டியதைக் காட்டிவிட்டார். பல ஆண்டுகள் நகலெடுத்து, எங்கே முட்டுகிறோம் என்று தெளிவாக அறிந்திருந்த கண்தான் அந்தச் சில நாள்களில் அத்தனையையும் வாங்கிக்கொள்ள முடியும். வெறும் ஆர்வத்தோடு அங்கே நின்ற ஒருவருக்கு அது நல்ல வேடிக்கையாக மட்டுமே இருந்திருக்கும்.

1870இல் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் குடும்பத்தை வரைந்தார். ஊதியம் பெற்று அவர் வரைந்த முதல் படமாக இதைச் சொல்வார்கள். 1873இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த ஆண்டு சரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் சென்னையில் பரிசு பெற்றது. பிறகு, 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் உருவப்படத்தை வரைந்தார். ஐரோப்பியர் வந்து நம் நவாபை வரைந்த நகரத்தில், ஒரு நூற்றாண்டு கழித்து, நம்மவர் ஒருவர் ஐரோப்பிய ஆளுநரை அவருடைய வண்ணத்திலேயே வரைந்தார்.

இந்தப் பயணத்தில் நகலெடுத்தல் எங்கே முடிந்தது என்பதும் முக்கியம். அது தோலின் நிறத்தில் முடிந்தது. ஐரோப்பியக் கல்விக்கூட முறையின் தசை நிறம் வெள்ளை, மஞ்சள் காவி, செந்தூரச் சிவப்பு, சிறிது கருப்பு ஆகியவற்றின் கலவையில் பிறப்பது. அதை அப்படியே இங்குள்ள ஒரு முகத்தின் மேல் கருமை கூட்டிப் பூசினால் சாம்பல் படிந்த சவ முகம் கிடைக்கும். மாநிறத் தோலில் நிழல் செம்பழுப்பாகக் கனிகிறது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் ஒளியோ வானத்தின் நீலத்தை ஏற்றுக் குளிர்ந்து தெரிகிறது. இதை எந்த ஐரோப்பியப் படமும் ரவி வர்மாவுக்குச் சொல்லியிருக்க முடியாது. எதிரே அமர்ந்திருந்த நாயர் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும்தான் சொல்லியிருக்க வேண்டும். முறையை நகலெடுத்துக் கற்றவர், நிறத்தைப் பார்த்துக் கற்றார். முன்னது இல்லாமல் பின்னது கைக்கு வந்திருக்காது என்பதே எங்கள் வாதம்.

இதே காலத்தில் சென்னையில் ஒரு கலைப் பள்ளி இருந்ததே, அங்கே என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றது. அதன் நோக்கம் உருவப்பட ஓவியர்களை உருவாக்குவதாக இருக்கவில்லை, தொழிலுக்கு வடிவமைப்பாளர்களை உருவாக்குவதாக இருந்தது. இலண்டன் தென் கென்சிங்டன் முறைப்படி 23 படிநிலைகளில் அமைந்த பாடத்திட்டம் அக்காலக் காலனியக் கலைப் பள்ளிகளுக்கெல்லாம் முன்மாதிரி. முதலில் நேர்கோடு, பிறகு தட்டையான மாதிரிப் படங்களின் நகல், பிறகு சுண்ணச் சிலைகளின் நகல் என்று அது ஏறிச் செல்லும். மட்பாண்டம், உலோகம், மரம், நகை என்று பட்டறைகள் இருந்தன. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898 வாக்கில் அலுமினியப் பாத்திர உற்பத்தியைச் சோதித்துப் பார்த்ததும் இந்தப் பள்ளியின் பட்டறையில்தான். ஆலைப் புகையில் வாழும் எங்களுக்கு, ஓவியமும் அலுமினியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்ற செய்தி ஒரு தனிப் பிரியத்தைத் தருகிறது.

அப்பள்ளியின் தலைவராக 1884 முதல் இருந்த ஈ. பி. ஹாவெல் 1896இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குச் சென்றார். ஐரோப்பிய நகல்களை வைத்துப் பயிற்றுவிப்பது இந்தியக் கலையைக் கொல்கிறது என்பது அவர் நிலைப்பாடு. பாடத்திட்டத்தை மாற்றினார். பின்னர், பள்ளியோடு இணைந்த கலைக்கூடத்திலிருந்த ஐரோப்பியப் படங்களை அகற்றி, இந்தியக் கலைப்பொருள்களைச் சேர்த்தார். நாம் அவரைப் பாராட்டுவோம் என்றுதான் எதிர்பார்ப்போம். அங்கிருந்த மாணவர்கள் எதிர்த்தார்கள். ரணதா பிரசாத் குப்தா வெளியேறி 1897இல் ஜூபிலி கலைக் கழகத்தை நிறுவி, கல்விக்கூடப் பாணியைத் தொடர்ந்து கற்பித்தார். ஹேமேந்திரநாத் மஜும்தாரும் அதுல் போஸும் அங்கே பயின்றவர்கள். ஓர் ஆங்கிலேயர் 'உங்கள் மரபுக்குத் திரும்புங்கள்' என்று சொல்ல, வங்காள இளைஞர்கள் 'எங்களிடமிருந்து தைல வண்ணத்தைப் பறிக்காதீர்கள்' என்று சொன்ன அந்த முரண், கையில் இருப்பதை அந்நியம் என்றும் சுயம் என்றும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. மாணவர்களின் அச்சம் எளிமையானது: கதவு மறுபடி சாத்தப்படுகிறது. வரலாற்றின் குறும்பு இன்னொன்றும் உண்டு. புது டில்லி வைசிராய் மாளிகைக்காக இங்கிலாந்தின் அரச உருவப்படங்களை நகலெடுத்துவர 1930 வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர் இருவர். ஒருவர் பம்பாயின் லால்காகா, மற்றவர் அதுல் போஸ்.

ஹாவெல் முன்னிறுத்திய அவனீந்திரநாத் தாகூரின் மாணவர்களில் ஒருவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929இல் சென்னைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்தார். அவர் அவனீந்திரரிடம் மட்டும் நின்றுவிடாமல் இத்தாலிய ஓவியர் ஒருவரிடம் ஐரோப்பிய உருவப்பட முறையையும் பயின்றவர். உயிருள்ள மனிதரை எதிரே இருத்தி வரைவதைப் பள்ளியில் அழுத்தமாக நிலைநாட்டினார். அவருடைய மாணவரான கே. சி. எஸ். பணிக்கர் 1957இல் அப்பொறுப்புக்கு வந்தபின், ஐரோப்பியத்தின் நகலாக இல்லாத ஒரு நவீனம் எது என்ற தேடல் தொடங்கி, 1966இல் சோழமண்டலம் வரை சென்றது. 1960களில் கல்விக்கூட உருவப்படத்தை மறுத்தவர்கள் அதைக் கையால் அறிந்து மறுத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதற்கிடையே நகல் இன்னொரு திசையிலும் போயிற்று. 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும். ஆகவே ஒரு முகத்தை அச்சிட, அச்சுத் தொழிலாளி அதை மறுபடியும் அடுக்குகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தூரிகை மறைத்ததைக் கல் தன் வழியில் மீண்டும் பிரித்தது. அந்த அச்சுப் படங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய், அடுத்த தலைமுறைக்கு மாதிரியாயின. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைகள் வரைந்து, கோவில்பட்டியில் நிலைத்த கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் சிவகாசி நாள்காட்டிகளுக்கு வரைந்த முகங்களில் அந்தக் கல்விக்கூட நிழல் இருக்கிறது. கல்விக்கூடத்தின் பெயரே கேள்விப்படாத வீடுகளில் அந்த நிழல் பூசையறையில் இருந்தது.

இவ்வளவையும் தொகுத்தால் எங்கள் நண்பர்களுக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, மேற்பரப்பை மட்டும் நகலெடுப்பது ஃபைசாபாத் ஓவியர்கள் நின்ற இடத்திலேயே நம்மை நிறுத்தும். அச்சுப் பிரதியின் கன்னத்துச் சிவப்பைக் கிண்ணத்தில் கலந்து நேரே பூசுவதால் நிறம் வரலாம், முறை வராது. படத்தைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். கடைசியாக வைத்த ஒளிப்புள்ளி எது, அதற்குமுன் எது, நிழலின் அடியில் பழுப்புத் தளம் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கேட்டுக் கேட்டு, முதல் நாள் வரைக்கும் இறங்கிப் போய், அங்கிருந்து மேலே கட்டிவர வேண்டும். அச்சில் இதற்கான தடயங்கள் அழிந்துவிடுகின்றன, வண்ணத்தின் தடிமன் தெரிவதில்லை. அதற்கு மூலத்தின் முன் நிற்பதே வழி. எளாவூரில் மின்தொடர் ஏறினால் இறங்குவது சென்ட்ரல். பழைய கலைப் பள்ளி அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. ரவி வர்மாவின் படங்களைச் சேகரிப்பில் கொண்ட அருங்காட்சியகம் எழும்பூரில். 1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்தில் ஆளுநர்களின் தைல உருவப்படங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, நகல் எங்கே நிற்க வேண்டும் என்பது. ரவி வர்மாவுக்கு அது தோலின் நிறத்தில் நின்றது. எங்கள் நண்பர்களுக்கும் அங்கேதான் நிற்கும் என்று நினைக்கிறோம். ரவி வர்மாவின் பெண்களின் மேல் விழுவது அரண்மனைச் சாளரத்தின் ஒளி. ஆரம்பாக்கம் சாலையோரம் கூடையை இறக்கிவைத்து மீன் விற்கும் ஒரு பெண்ணின் முகத்தில் விழும் உச்சிவெயிலை அவர் வரைந்து வைத்துவிட்டுப் போகவில்லை. அதை வரைய எந்தக் கலவை வேண்டும் என்பதற்கு நகலெடுக்க மாதிரி இல்லை. ஆனால் அந்த முகத்தை முதல் நாளில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை, ஆறுமுகம் பிள்ளை இரவில் நடந்துபோய்ச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து கைமாறி வந்த ஒரு முறை அவர்களுக்குச் சொல்லும். அந்த முறையை வாங்கிக்கொள்ளச் சில மாதங்கள் நகலெடுப்பது குறைவான விலைதான்.